தொண்ணூறு நாள் தவணை

நிம்மதி, முந்நூற்றைம்பது. பரிசோதனைக் கூடத்தின் கண்ணாடியில் ஒட்டியிருந்த விலைப் பட்டியலில் அது பதினேழாவது வரி. அதற்கு மேலே தைராய்டு, கீழே மஞ்சள் காமாலை. பட்டியலில் நிம்மதி என்று எழுதவில்லை, எச்.ஐ.வி. என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் தராசக்கா இருபத்தெட்டு வருடமாகத் தராசுக் கடை நடத்துகிறவள். எந்தச் சரக்கு எந்தப் பெயரில் விற்கிறது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன.

"முந்நூறுக்கு வருமா?" என்றாள்.

கவுன்டரில் இருந்தவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "எந்த டெஸ்ட்டுங்க?"

"பதினேழு."

அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக எண்ணிக்கொண்டே இறங்கினார். பதினேழில் விரல் நின்றது. பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆறு பேருக்கும் சேர்த்துக் கேட்கும்படி, "யாருக்கு?" என்றார்.

ஆறு தலைகள் திரும்பின. அதில் நான்கு தலைகளின் கடைத் தராசுகளைப் போன வாரம்தான் பழுது பார்த்துக் கொடுத்திருந்தாள்.

"எங்க கடைக் கணக்கருக்கு."

இந்தப் பொய்க்கு அவளுக்கு அரை நொடிகூட ஆகவில்லை. அவளே அசந்துபோனாள்.

"சரி, எப்போ நடந்துச்சு?" கவுன்டர்காரர் இப்போது குரலைத் தாழ்த்தினார். தாழ்த்த வேண்டிய நேரம் போனபிறகு தாழ்த்துவது சிலருக்கு வழக்கம்.

"எது?"

"அதாங்க, சம்பவம்."

"பதினெட்டு நாளாச்சு."

"கணக்கரோட சம்பவத்துக்கு நீங்க நாள் எண்ணி வச்சிருக்கீங்க."

"எங்க கடையில எல்லாக் கணக்கும் நான்தான் வச்சிருக்கேன். நீங்க விஷயத்தைச் சொல்லுங்க."

அவர் சொன்னார். மூன்று நாளுக்குள் வந்திருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் தடுப்பு மாத்திரை கொடுத்திருப்பார்கள், அது போயிற்று. இனிமேல் சோதித்துத்தான் பார்க்க வேண்டும். இப்போதே பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் 'இல்லை' என்று வந்தால் அதை முழுசாக நம்ப முடியாது. மூன்று மாதம் கழித்துப் பார்த்துவிட்டால் உறுதி.

"மூணு மாசமா? ஒன்றரை வச்சுக்கலாமே."

"இது உடம்புங்க."

"கடைசியா ஒரு பேச்சு. ரெண்டு மாசம்."

"தொண்ணூறு நாள். அப்புறம், உங்க கணக்கர் நேர்ல வந்து சம்மதம் சொல்லணும். அவருக்குப் பதிலா நீங்க ரத்தம் குடுக்க முடியாது."

"தொண்ணூறு நாள் தவணைக்கு நான் யாருக்குமே சரக்கு குடுத்ததில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே தராசக்கா வெளியேறினாள்.

சம்பவம் சின்னதுதான். தராசு வியாபாரிகள் மாநாடு வெளியூரில் நடந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் 'மின்னணுத் தராசும் நம் எதிர்காலமும்' என்று பேச எழுந்தார். அவர் எழுந்த அதே நேரத்தில் எடைக்கல் ஏஜெண்டும் தராசக்காவும் ஆளுக்கொரு வாசல் வழியாக எழுந்து போனார்கள். ஏஜெண்ட் மனைவியை இழந்தவர். அவள் கணவனை இழந்து ஒன்பது வருடம். பேச்சாளர் நான்கு மணிக்கு முடித்தார், அவர்களும் அப்படித்தான். பாதுகாப்பு என்று ஒரு சமாச்சாரம் இருப்பது இருவருக்கும் நாலே காலுக்குத்தான் ஞாபகம் வந்தது.

அந்த மத்தியானத்தைப் பற்றி அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வருத்தம் வேறு, விவரம் வேறு. ஊர் ஊராகச் சுற்றுகிற மனிதர், எத்தனை மாநாடு பார்த்தாரோ. ஊர் திரும்பி இரண்டு வாரம் தூக்கமில்லாமல் கிடந்துவிட்டு, ஒருநாள் போன் செய்து கேட்டேவிட்டாள்.

"நான் சுத்தமான ஆளுங்க" என்றார் ஏஜெண்ட்.

"எப்போ டெஸ்ட் எடுத்தீங்க?"

"எனக்கு எதுக்குங்க டெஸ்ட்டு?"

அவளுடைய கடைக்கு வருகிற ஒவ்வொருவனும், "என் தராசு பக்காவான தராசு" என்று சொல்லிக்கொண்டேதான் மேஜைமேல் வைக்கிறான். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். பிறகு எடைக்கல்லை நடுவில் ஒரு முறையும் நான்கு மூலைகளில் ஒவ்வொரு முறையும் வைத்துப் பார்ப்பாள். வாய்ச்சொல்லை எடைபோடும் தராசு இன்னும் வரவில்லை என்பது அவள் கட்சி.

ஆகவே முடிவு செய்துவிட்டாள். உண்டா, இல்லையா, இரண்டில் ஒன்று தெரிந்தாக வேண்டும். அதே சமயம் தெருவில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியக் கூடாது. முக்கியமாக நாத்தனாருக்கு. இறந்துபோன கணவரின் அக்கா அவர். கடைக்கு மேல்மாடியில் அவளோடுதான் இருக்கிறார். அறுபத்தொரு வயது. அவர் கண்ணுக்குத் தப்பி அந்த வீட்டில் ஒரு தீக்குச்சி எரிந்ததில்லை.

நாலாம் நாள் கணக்கர் வந்து எதிரே நின்றார். பத்தொன்பது வருடமாக அவளிடம் கணக்கெழுதுகிறவர், மேஜை விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைக்கக்கூட அனுமதி கேட்கிற மனிதர்.

"அக்கா, எனக்கு என்ன வியாதிக்கா?"

"உங்களுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கீங்க. யாரு என்ன சொன்னா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலக்கா. அதான் பயமா இருக்கு. டீக்கடையில எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ், எனக்கு மட்டும் காகிதக் கப்பு. பருப்பு மண்டிக்காரர் தோள்ல தட்டி, தைரியமா இருய்யான்னார். தட்டின கையைக் கர்ச்சீப்ல துடைச்சுக்கிட்டார். நேத்து என் வீட்டுக்காரி என் துணியைத் தனி வாளியில ஊறப் போட்டா."

தராசக்கா விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தாள், மாடிப்படியில் நாத்தனாரின் செருப்புச் சத்தம் கேட்டது, மூடிக்கொண்டாள். ஆனால் அவரை அப்படியே விடவும் மனம் வரவில்லை. நேரே டீக்கடைக்குப் போனாள்.

"இங்க பாருங்க. கணக்கருக்கு ஒரு வியாதியும் கிடையாது. எங்க கடை ஆளுங்க எல்லாருக்கும் உடம்பு பார்க்கலாம்னு இருக்கேன். அதுல முதல் பேரு அவரு பேரு, அவ்வளவுதான்."

டீக்கடைக்காரர் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார். மறுநாள் கணக்கருக்கும் காகிதக் கப்பு, தராசு பழுது பார்க்கும் மெக்கானிக்குக்கும் காகிதக் கப்பு, பார்சல் கட்டும் பெண்ணுக்கும் காகிதக் கப்பு. ஒரு ஆளுக்கு இருந்தது கடைக்கே பரவிவிட்டது என்று தெருவில் பேச்சு.

அவளுக்குக் கோபம் வந்தது. பருப்பு மண்டிக்காரரிடம் போனாள். வியாபாரிகள் சங்கத்தின் தலைவர் அவர்தான். அவருடைய தராசு வருடா வருடம் கிலோவுக்கு இருபது கிராம் கூட்டிக் காட்டும், அவளும் வருடா வருடம் சரிசெய்து கொடுப்பாள். இருவரும் அதைப்பற்றிப் பேசியதே இல்லை.

"அண்ணாச்சி, எங்க கடைக்கு மட்டும்னு நெனச்சிட்டாங்க. தெருவுக்கே பார்க்கப் போறோம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஒரு வார்த்தை கேட்டால் ஒரு கூட்டம் போடுகிறவர் அவர். "முகாமே நடத்திடுவோம்க்கா. தராசுக்கு முத்திரை குத்துற ஆபீசர் வர்றதுக்கு முந்தின நாள் எல்லாரும் தராசைத் தூக்கிட்டு உங்க கடைக்குத்தானே வரப்போறாங்க? அன்னிக்கே வச்சிடுவோம். வந்த கையோட ரத்தம் குடுத்துட்டுப் போகட்டும்."

"நல்ல யோசனைதான்."

"ஆனா போர்டுல அந்தப் பேரு வேணாம். குடும்பஸ்தங்க நடமாடுற தெரு. சர்க்கரை, பிரஷர்னு போடுங்க. நம்ம தெருவுக்கு அதுக்கு மேல என்ன வந்துடப் போகுது."

விஷயம் தெருவுக்கே என்று ஆனதும் டீக்கடைக்காரர் எல்லோருக்குமே காகிதக் கப்பில் கொடுக்க ஆரம்பித்து, டீ விலையையும் கொஞ்சம் ஏற்றினார். ஆளாளுக்குத் தராசக்காவைத் திட்டினார்கள்.

அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். முத்திரைக்கு முந்தின நாள் என்றால், அந்த மத்தியானத்திலிருந்து தொண்ணூற்றிரண்டாவது நாள். இரண்டு நாள் உபரி. ஐம்பது பேர் போகிற திரைக்குப் பின்னால் ஐம்பத்தோராவது ஆளாகப் போனால் யார் கண்டார்கள். ஒரு பொய்யால் வந்த வினை ஒரு திரைச்சீலையோடு தீரப்போகிறது என்று நினைத்தாள்.

அரசு ஆஸ்பத்திரியின் பரிசோதனை மையத்தில் ஒரு பெண் இருந்தாள். எல்லோரும் அவளை சிஸ்டர் என்றார்கள். முகாம் என்றதும் சந்தோஷப்பட்டாள்.

"சர்க்கரை, பிரஷர் பார்ப்போம். அதோட எச்.ஐ.வி.யும் உண்டு. ஆனா அது கேட்கிறவங்களுக்கு மட்டும். விரல்ல ஒரு குத்து, இருபது நிமிஷத்துல பதில். பேர் எழுத மாட்டோம், நம்பர்தான்."

"யாராவது கேட்டா... தொண்ணூறு நாள் ஆகியிருந்தா, உறுதியாச் சொல்லிடுவீங்களா?"

"சொல்லிடலாம்."

"இருக்குன்னு வந்தா?"

"இன்னும் ரெண்டு விதமாப் பார்த்து உறுதி செய்வோம். அப்புறம் தினமும் மாத்திரை. ஒழுங்காப் போட்டா எல்லாரும் வாழ்ற வயசு வரைக்கும் வாழலாம்க்கா. எங்ககிட்ட மாத்திரை வாங்குற நெறைய பேரு உங்களை மாதிரி கடை நடத்திக்கிட்டுதான் இருக்காங்க."

"எங்க தெருவுல காகிதக் கப்புல டீ குடுக்கறாங்க."

"கப்புல ஒட்டாது, கையில ஒட்டாது, ஒரே தட்டுல சாப்பிட்டா ஒட்டாது. இதை வேணா நான் டீக்கடைக்கே வந்து சொல்றேன்."

சொன்னபடியே அடுத்த வாரம் வந்து சொன்னாள். டீக்கடைக்காரர் கண்ணாடி கிளாஸுக்குத் திரும்பினார், விலை மட்டும் திரும்பவில்லை. கணக்கருக்கு அப்போதும் தோளில் தட்டு விழுந்துகொண்டுதான் இருந்தது.

முகாம் நாள் காலையில் தராசக்கா எட்டு மணிக்கே கடையைத் திறந்தாள். திட்டம் சுலபம். சிஸ்டர் பெட்டியைத் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போய், முதல் ஆளாக வெளியே வந்துவிடுவது. பின்பக்கச் சரக்கறையில் மேஜை போட்டு, வாசலில் திரை கட்டியாயிற்று. சிஸ்டரும் வந்தாயிற்று. தராசக்கா திரையை நோக்கி நடந்தாள்.

திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு நாத்தனார் உட்கார்ந்திருந்தார். மடியில் டோக்கன் கட்டு.

"அண்ணி, நீங்க எதுக்கு இங்க?"

"யாராவது ஒழுங்கு பண்ணணும்ல? ஆளுங்களை விட்டா முட்டி மோதுவானுங்க. நீ போய்த் தராசைப் பாரு. எதுக்கு இந்தப் பக்கம் வர்றே?"

"சும்மா. திரை சரியாக் கட்டியிருக்கான்னு பார்த்தேன்."

அதற்குள் வாசலில் தராசுகள் வந்து குவிந்தன. காய்கறிக்காரரின் துருப்பிடித்த தட்டுத் தராசு, நகைக்கடைக்காரரின் கண்ணாடிக் கூண்டுத் தராசு, பழைய இரும்புக்காரர் நான்கு பேராகத் தூக்கி வந்த மேடைத் தராசு. இந்த நாள் பார்த்து மெக்கானிக்கைக் காணோம். அரை மணி கழித்துப் பார்த்தால் டோக்கன் வரிசையில் நிற்கிறார்.

"வேலையை விட்டுட்டு இங்க என்னய்யா?"

"எங்க வீட்டுல எல்லாருக்கும் சர்க்கரைக்கா. அதான் ஒரு முன்னெச்சரிக்கைக்கு."

அன்று முழுக்க அவள் காதில் விழுந்தது இதுதான். என் அப்பாவுக்குச் சர்க்கரை, என் மாமனாருக்குச் சர்க்கரை, காலையில எழுந்தா தலை சுத்துது, சர்க்கரையாத்தான் இருக்கும். ஒவ்வொருவரும் திரைக்குள் போகும்முன் சத்தமாக ஒருமுறை சொல்லிவிட்டே போனார்கள். போனவர்கள் லேசில் வரவும் இல்லை. விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு எடைக்கல் பெட்டிகள்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இருபதே பேருக்கு ஒரு முற்பகல் ஓடிவிட்டது.

"சர்க்கரை பார்க்க இவ்வளவு நேரமா? அந்தப் பொண்ணுக்குக் கை ஓடல" என்றார் நாத்தனார்.

தராசக்காவுக்கு அவர்களைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. கேவலம் சர்க்கரைக்கே இப்படிப் பேயறைந்தாற்போல் உட்கார்ந்திருக்கிறார்களே, என்ன வெள்ளை மனம். இத்தனை நல்ல குடும்பஸ்தர்களுக்கு நடுவில் தான் ஒருத்தி என்று நினைத்துக்கொண்டே நின்றாள். கையில் இருந்த ஐந்நூறு கிராம் கல் இனிப்புக் கடைக்காரரின் பாதத்தில் விழுந்தது.

பதினோரு மணிக்கு ஒருமுறை எழுந்தாள். தலைவர் திறப்பு விழா என்று ரிப்பனோடு வந்து நின்றார். முகாம் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருந்ததைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. வெட்டிவிட்டு நேராகத் திரைக்குள் போனார். "தலைவரே முன்மாதிரியா இருக்கணும்ல, சர்க்கரைதானே." வெளியே வந்து முப்பது நிமிடம் எடைக்கல் பெட்டிமேல் உட்கார்ந்து முன்மாதிரியாக வேர்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணிக்கு மறுபடி எழுந்தாள். நாற்காலி காலியாக இருந்தது. இரண்டு எட்டு வைத்தாள். திரைக்குள்ளிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. கொஞ்சம் பொறுத்து நாத்தனாரும் வந்தார், விரலில் பஞ்சோடு.

"உங்களுக்குமா அண்ணி?"

"ஏன், எனக்குச் சர்க்கரை வரக் கூடாதா? போ, வேலையைப் பாரு."

மூன்று மணிக்குக் கணக்கர் சிஸ்டரிடம் வாதாடுகிற சத்தம் கேட்டது.

"எனக்கு ஒண்ணுமில்லன்னு ஒரு சர்டிபிகேட் குடுங்க சிஸ்டர். டீக்கடையில ஒட்டணும்."

"அப்படியெல்லாம் குடுக்க முடியாதுங்க. இது உங்களுக்கும் எனக்கும் நடுவுல."

"அப்போ என் வீட்டுக்காரியாவது நம்புற மாதிரி ஒரு துண்டுச் சீட்டு."

"அவங்களைக் கூட்டிட்டு வாங்க, நீங்க சம்மதிச்சா நானே சொல்றேன்."

கணக்கர் வெளியே வந்தார். அழுது முடித்த முகமா, அழப்போகிற முகமா என்று தெரியவில்லை. தராசக்காவைப் பார்த்து வழக்கம்போலச் சிரித்தார். "பரவாயில்லக்கா. இன்னும் கொஞ்ச நாள்ல மறந்துடுவாங்க."

அந்தச் சிரிப்புதான் அவளை எழுப்பியது.

நான்கு மணி. சிஸ்டர் சாமான்களை அடுக்கும் சத்தம். கடையில் தலைவர் இருந்தார், கணக்கர் இருந்தார், மெக்கானிக், பார்சல் பெண், தராசை வாங்கிப்போக வந்த ஏழெட்டுப் பேர். தராசக்கா கையைத் துடைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அண்ணி, நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்துங்க."

"உனக்கெதுக்கு? போன மாசம்தானே சர்க்கரை பார்த்தே? நல்லாத்தானே இருந்துச்சு."

"சர்க்கரைக்கு இல்ல. எச்.ஐ.வி. பார்க்கணும்."

பழைய இரும்புக்காரர் தூக்கிய தராசை அப்படியே கீழே வைத்தார்.

"மூணு மாசத்துக்கு முன்னால ஒரு மத்தியானம்" என்றாள் தராசக்கா. குரல் அவள் எதிர்பார்த்ததைவிட நேராக வந்தது. "அவரு நல்ல மனுஷன்தான். எனக்கு அம்பத்திரண்டு வயசு, யார்கிட்டயும் அனுமதி கேட்கிற வயசு இல்ல. லேப்ல யாருக்குன்னு கேட்டாங்க, பயத்துல கணக்கர் பேரைச் சொல்லிட்டேன். நான் கேட்டது எனக்காகத்தான். கணக்கரே, தப்பு என்மேலதான். நாளைக்கு நானே உங்க வீட்டுக்கு வந்து சொல்றேன். டீக்கடையிலயும் சொல்றேன். இப்போ வேற யாருக்காவது ஏதாவது கேட்கணுமா?"

தலைவர் தன் தராசின் முள்ளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் திருப்புளியைத் தேடினார், அது அவர் கையிலேயே இருந்தது. கணக்கர் மட்டும் மெதுவாக, "அக்கா, போய்ப் பார்த்துட்டு வாங்க. கடையை நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

நாத்தனார் எழுந்தார். வாயைத் திறந்தார். பத்து வருடத்துக்குத் தேவையான வசவு ஒரேயடியாக வரப்போகிறது என்று தராசக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் நாற்காலியை நகர்த்தி, திரையைத் தூக்கிப் பிடித்தார்.

"குத்துறப்போ வலிக்காது. பயப்படாதே" என்றார்.

விரலில் ஒரு குத்து. ஒரு துளி. இருபது நிமிடம். வாழ்நாளில் எத்தனையோ முள் நடுவுக்கு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறாள், எதற்கும் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. சிஸ்டர் பட்டையை வெளிச்சத்தில் காட்டினாள். ஒரே ஒரு கோடு.

"இல்லக்கா. தொண்ணூறு நாளும் தாண்டிடுச்சு, இது உறுதி."

"இன்னொரு தடவை பார்த்துடலாமா? நாங்க எதையும் ஒரு தடவை பார்த்து விடுறதில்ல."

"தேவையில்லக்கா. இனிமே கவனமா இருங்க, அது போதும்." சிஸ்டர் ஒரு சின்னப் பெட்டியை அவள் கையில் வைத்தாள். அது என்னவென்று பார்த்துவிட்டு, தராசக்கா விலைகூடக் கேட்காமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, வெளியே கேட்காமல் அழுது முடித்தாள். மூக்கைத் துடைத்தாள்.

"அவங்க எல்லாம் வந்தது வேற எதுக்கோ. நடுவுல நான் ஒருத்தி மானத்தை வாங்கிட்டேன். நாளைக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இவங்ககிட்ட வியாபாரம் பண்றது?"

சிஸ்டர் பெட்டியைப் பூட்டினாள். மேஜைமேல் இருந்த படிவத்தை நிரப்பி, அவள் பக்கம் திருப்பி வைத்து, பேனாவை நீட்டினாள்.

"முகாம் நடத்துனவங்க கையெழுத்துப் போடணும்க்கா, பேரு கிடையாது, எண்ணிக்கை மட்டும்தான்: வந்தவங்க நாற்பத்தொன்பது, சர்க்கரைக்கு மூணு, நீங்க பார்த்ததையே பார்த்தவங்க உங்களையும் சேர்த்து நாற்பத்தாறு, அதுல வெளியில சொல்லிட்டு உள்ளே வந்தது ஒண்ணு."